பழைய பாணிக் கம்பளி விரிப்பு: கிட்டா, பேட்டர்னா, பழைய பாவாடையா?

போன குளிர்காலத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பழைய காலத்துக் கம்பளி விரிப்பு ஒன்றைக் கையால் செய்து பார்க்க ஆசை. எல்லாச் சாமானும் சேர்ந்து வரும் முழு கிட் வாங்குவதா, படம் போட்ட துணியை மட்டும் வாங்கிக் கம்பளியைத் தனியாகத் தேடுவதா, இல்லை படத்தையும் நாமே வரைந்து பழைய உடுப்புகளை வெட்டிச் செய்வதா? மூன்று பேருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். அதில் ஒருவர் விடாமல் ஏன், ஏன் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்ட வேலை இது.

இந்த வேலைக்குப் பெயர் ரக் ஹூக்கிங். தெரியாதவர்களுக்காக: இழைகளுக்கு நடுவே கண் (சின்ன ஓட்டை) தெரியும்படி நெய்த துணியை வட்டச் சட்டத்திலோ சதுரச் சட்டத்திலோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். துணிக்கு அடியில் ஒரு கையில் கம்பளிக் கீற்று. மேலே இன்னொரு கையில், மரப்பிடி போட்ட சின்னக் கொக்கி. கொக்கியைக் கண்ணுக்குள் விட்டுக் கீற்றைக் கால் அங்குல உயரத்துக்கு வளையமாக மேலே இழுப்பது, இரண்டு இழை தள்ளி அடுத்த வளையம். முடிச்சும் கிடையாது, பசையும் கிடையாது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதில்தான் பிடிப்பு. கடையில் இதன் பக்கத்திலேயே லாட்ச் ஹூக், பஞ்ச் நீடில் கிட்களும் கிடக்கும். முன்னதில் ஒவ்வொரு நூல்துண்டையும் முடிச்சுப் போட வேண்டும். பின்னது பின்பக்கத்திலிருந்து குத்துவது. அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள்.

நான் சொல்லும் பழைய பாணிக்கு இந்தக் கலையில் ‘ப்ரிமிட்டிவ்’ என்று பெயர். கீற்றின் அகலத்தை எண்ணால் சொல்வார்கள். 3ஆம் எண் என்றால் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, 8ஆம் எண் என்றால் கால் அங்குலம். பூவிதழுக்கு நிழல் விழச் செய்கிறவர்கள் 3, 4 எண்களில் மெல்லிசாக வெட்டுவார்கள். ப்ரிமிட்டிவ் பெரும்பாலும் 8, அதற்கும் மேலே. நிழலும் கிடையாது, நுணுக்கமும் கிடையாது. குதிரைக்கு ஒரு கால் குட்டையாக இருக்கும், சேவல் வீட்டைவிடப் பெரிதாக நிற்கும். கறுப்புப் பின்னணி பாதியில் திடீரென்று பழுப்பாக மாறும், ஏனென்றால் கறுப்புப் பாவாடை அந்த இடத்தில் தீர்ந்துபோய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கமும், கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களிலும் பண்ணை வீட்டுப் பெண்களும் மீனவர் வீட்டுப் பெண்களும் குளிர்காலத்தில் செய்த விரிப்புகள் இப்படித்தான் இருந்தன.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பணம். தொடங்க ஆகும் பணத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஓரம் தைத்துத் தரையில் போடும்வரை ஆகும் மொத்தத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தது, முதல் வளையத்தை இழுப்பதற்கு முன்னால் எத்தனை நாள் போகும் என்பது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஆசை ஆறிப்போவது இந்த இடைவெளியில்தான். மூன்றாவது, நிறம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருடையது. நாலாவது, தினமும் மிதித்தால் எத்தனை காலம் தாங்கும். கடைசியாக, அந்தப் பழைய தோற்றம் வருமா. அதைப் பார்த்துத்தானே இந்த ஆசையே வந்தது.

ஒப்பிட வசதியாக 2 அடிக்கு 3 அடி விரிப்பு என்று வைத்துக்கொள்கிறேன். அகலக் கீற்றில் என் கை வேகத்துக்கு ஒரு சதுர அடிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. இந்த நேரம் மூன்று வழியிலும் ஒன்றுதான்.

## முதல் வழி: முழு கிட்

படம் போட்ட அடித்துணி, எண்ணி வைத்த கம்பளி, நிறப்படம், சிலதில் கொக்கியும் பெட்டியிலேயே வரும். பெட்டி வந்த அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிடலாம். நிறம் தேர்ந்தவர் கண் உள்ளவராக இருப்பார். இது சின்ன விஷயமில்லை. பழைய விரிப்பின் மங்கலான சிவப்பும் அழுக்கு மஞ்சளும் ஒன்றோடொன்று சேர்வதற்குப் பழகிய கண் வேண்டும். முதல் முறையிலேயே அது எல்லோருக்கும் அமைவதில்லை.

விலை அதிகம். நம் அளவில் நல்ல லினன் துணியோடு வரும் கிட் சில நூறு டாலர் ஆகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, கம்பளி பற்றாமல் போவது. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருமே பயத்தில் வளையங்களைத் திணிப்பார்கள், உயரமாக வேறு இழுப்பார்கள். கிட்டில் இருப்பது பழகிய கைக்கு அளந்த கம்பளி. பின்னணி முக்கால்வாசி முடிந்த நிலையில் கீற்று தீர்ந்துபோகும். அதே தடவையில் சாயமேற்றிய கம்பளி திரும்பக் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய காலத்தில் இப்படித் தீர்ந்துபோனதால்தான் அந்த அழகே வந்தது. கிட்டில் தீர்ந்தால் நமக்கு அழுகை வருகிறது.

பழைய தோற்றத்தைப் பொறுத்தவரை, கிட் விரிப்பு பழசின் புகைப்படம் மாதிரி. பின்னணி நிறம் மாறும் இடத்தைக்கூட வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்திருப்பார். தப்பில்லை, பார்க்க நன்றாகவே இருக்கும்.

நிறம் என்றாலே பயம் உள்ளவர்களுக்கும், அபார்ட்மென்ட்டில் பொது வாஷிங் மெஷினோடு வாழ்வதால் பழைய கம்பளியைத் துவைக்க வசதியில்லாதவர்களுக்கும், ஒரு தேதிக்குள் பரிசாகக் கொடுக்க வேண்டியவர்களுக்கும் கிட் சரி. ஆனால் 2க்கு 3 வேண்டாம். நாற்காலியில் போடும் வட்ட விரிப்பு, ஓர் அடிச் சதுரம் என்று சின்னதாக வாங்குங்கள். கை பிடிக்கிறதா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

## இரண்டாவது வழி: பேட்டர்ன் மட்டும்

படம் வரைந்த அடித்துணியை வாங்கிக்கொண்டு, கம்பளியை நாமே சேர்ப்பது. ‘அச்சுப் படத்தில் செய்தால் அது அசல் ப்ரிமிட்டிவ் ஆகுமா?’ என்று இழுக்கிறவர்களை வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எட்வர்ட் சேண்ட்ஸ் ஃப்ராஸ்ட் கதையைச் சொல்வேன். மெய்ன் மாநிலத்து பிடஃபோர்டில் தகரப் பாத்திரம் விற்றுத் திரிந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து உடம்பு கெட்டுத் திரும்பியவர். வீட்டில் விரிப்பு பின்னுவதைப் பார்த்து, 1860களின் கடைசியில் சாக்குத் துணியில் தானே படம் வரைந்து கொடுக்கத் தொடங்கினார். ஊரெல்லாம் கேட்டது, கையால் வரைந்து மாளவில்லை. தகரம் வெட்டத் தெரிந்த கை அல்லவா, உலோகத் தகட்டில் ஸ்டென்சில் வெட்டினார். சிங்கம், நாய், பூமாலை என்று படம் போட்ட சாக்குத் துணிகள் அவருடைய வண்டியில் ஏறி வீடு வீடாகப் போயின. 1876இல் அவர் தொழிலை விற்றுவிட்ட பிறகும் அந்தப் படங்கள் நிற்கவில்லை. எங்கள் மாகாணத்து நியூ கிளாஸ்கோவில் காரெட் குடும்பம் ‘ப்ளூநோஸ்’ என்ற பெயரில் இதே வியாபாரத்தைச் செய்தது. இன்று பழம்பொருள் என்று கண்ணாடிக்குள் இருக்கும் விரிப்புகளில் பல, அந்தக் காலத்திலேயே கடைப்படத்தில் செய்தவை. கம்பளியும் நிறமும் மட்டும் அந்தந்த வீட்டுக்காரியுடையவை. ஆக, இந்த இரண்டாவது வழிக்கும் நூற்றைம்பது வருஷப் பாரம்பரியம் உண்டு.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். ஓரக்கோடு துணியின் இழையோடு நேராக ஓடுகிறதா? கையால் வரைகிறவர்கள் பென்சில் முனையை இரண்டு இழைக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்து இழுப்பார்கள். கோடு தானாக இழையோடு போகும். மொத்தமாக அச்சடித்ததில் சிலசமயம் கோணலாக விழுந்திருக்கும். அப்படிப்பட்ட விரிப்பு முடிந்து தரையில் போட்டதும் ஒரு மூலை மட்டும் இழுத்துக்கொண்டு சதுரமில்லாமல் கிடக்கும்.

கம்பளி எவ்வளவு? மூட வேண்டிய பரப்பைப் போல் நாலு, ஐந்து மடங்கு. படத்தில் குதிரை இருக்கும் இடத்தின் மேல் துணியை நாலாக மடித்து வைத்துப் பாருங்கள். மூடினால் போதும், புதுக் கைக்கு இன்னொரு மடிப்பு சேர்த்துக்கொள்ளலாம். நம் அளவுக்கு 24 முதல் 30 சதுர அடி, அதாவது அகலத் துணியில் சுமார் 2 கஜம்.

ஆனால் 2 கஜம் வாங்கி யாரும் முடித்ததாக நான் பார்க்கவில்லை. பத்து நிறத்தில் கால் கஜம், கால் கஜமாக வாங்குவோம், ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சும். மிஞ்சியது அலமாரியில் ஏறும். இரண்டாவது விரிப்பு அதிலிருந்து வரும் என்பதால் வீண் என்று சொல்ல மாட்டேன், முதல் கணக்கில் இந்தச் செலவு தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறத்துக்கு ஒரு குறுக்குவழி: பல நிற இழை ஓடும் கட்டம்போட்ட துணியோ ட்வீட் என்னும் சொரசொரப்பான கம்பளித் துணியோ ஒன்றை முதலில் எடுங்கள். அதற்குள்ளேயே இருக்கும் நிறங்களிலிருந்து மற்றதைத் தேர்ந்தால் பெரிதாகத் தப்பு வராது. கட்டத்துணியைக் கீற்றாக வெட்டி இழுக்கும்போது வரும் புள்ளி புள்ளியான நிறம், ஒரே நிறத் துணியில் வரவே வராது.

அப்புறம், பேட்டர்ன் என்பது ஒரு விரிப்புக்கான வரைபடம். இன்றைய கலைஞர் வரைந்ததைப் பிரதி எடுத்துத் தோழிகளுக்குக் கொடுப்பது முறையில்லை. மூல விரிப்பு 150 வருஷப் பழசாக இருந்தாலும், அதைப் பார்த்து அவர் போட்ட கோடு அவருடையது.

## மூன்றாவது வழி: படமும் நாமே, துணியும் பழசே

பணத்தில் இதுதான் மலிவு, நேரத்தில் இதுதான் விலை. பழைய துணிக் கடையில் ஐந்தாறு உருப்படி எடுத்தால் 2க்கு 3 விரிப்புக்குத் தேறும். கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை கிடைத்தால் விடாதீர்கள், பிரித்துப் போட்டால் மடிப்புக்குள்ளிருந்து துணி வந்துகொண்டே இருக்கும்.

என் முதல் வேட்டையில் ஓர் ஆண்பிள்ளை சூட்டைப் பெருமையாகத் தூக்கி வந்தேன். லேபிளில் நூறு சதவீதம் கம்பளி. உள்துணியைப் பிரித்து, தையல் பிரித்து, தோள்பட்டைப் பஞ்சை எடுத்து எறிய ஒரு முழு மாலை போனது. சுடுதண்ணீரில் அலசி டிரையரில் போட்டு எடுத்தால் போன மாதிரியே திரும்பி வந்தது. சுருங்கவில்லை, தடிக்கவில்லை. கால் அங்குலத்துக்கு வெட்டியதும் ஓரமெல்லாம் நூல் நூலாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கீற்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது சூட்டுத் துணி, வழவழப்பாக முறுக்கிய நூல், என்ன செய்தாலும் கெட்டிப்படாது” என்றார். கம்பளி என்று லேபிள் சொன்னால் போதாது. தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக, ஃப்ளானல் மாதிரி பூனைமயிர் தெரிய வேண்டும். அதுதான் சுடுதண்ணீரில் இறுகி, வெட்டினாலும் பிரியாமல் நிற்கும்.

லேபிள் இல்லாத துணி என்றால் ஒரு நூலை உருவி, தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். தலைமயிர் கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அதில் செயற்கை நூல் கலந்திருக்கிறது, திருப்பி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை அலமாரிக்குள் கொண்டுபோகக் கூடாது, நேராக வாஷிங் மெஷின்தான். ஒரு பாவாடையோடு வந்த அந்துப்பூச்சி மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையா? சிவப்பு வகை எல்லாவற்றையும், அல்லது பழுப்பு வகை எல்லாவற்றையும், ஒரே பாத்திரத்தில் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெல்லிய தீயில் வையுங்கள். ஒன்றின் சாயம் கசிந்து இன்னொன்றில் ஏறும். தண்ணீரில் நிறம் கலங்கி வந்ததும் வினிகர் விட்டால் சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தெளியும். வெளியே வரும்போது எல்லாம் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள்.

படம் வரைய பயப்பட வேண்டாம். குதிரை கோணலாக வந்தால் இந்தப் பாணிக்குப் பொருத்தம்தான். தாளில் வரைந்து, மேலே ஜன்னல் கொசுவலைத் துண்டை வைத்து நகலெடுத்து, அந்த வலையை அடித்துணியில் வைத்து மார்க்கரால் திரும்ப வரைந்தால் மை கண்களின் வழியே இறங்கிக் கோடு விழுந்துவிடும். குதிரையும் வேண்டாம் என்றால் 3 அங்குலச் சதுரங்களாகக் கோடு போட்டு ஒவ்வொன்றையும் கையில் கிடைத்த கீற்றால் நிரப்புங்கள், ஒன்று நெடுக்கில், அடுத்தது குறுக்கில். பழைய விரிப்புகளில் இதுவே எனக்கு மிகப் பிடித்தது.

இந்த வழியில் முதல் வளையத்துக்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். ஆனால் பழைய தோற்றம் தானாக வரும், ஏனென்றால் இங்கே துணி நிஜமாகவே தீர்ந்துபோகும்.

## ஒரே பார்வையில்

| | முழு கிட் | பேட்டர்ன் + தனிக் கம்பளி | எல்லாம் நாமே |
|---|---|---|---|
| செலவு (2 × 3 அடி) | மிக அதிகம் | நடுத்தரம், மிச்சத் துணியோடு ஏறும் | குறைவு |
| முதல் வளையத்துக்கு | அன்றே | ஒரு வாரம் | மூன்று, நான்கு வாரம் |
| நிறப் பொறுப்பு | வடிவமைத்தவர் | நாம், புதுத் துணியில் | நாம், கிடைத்த துணியில் |
| கம்பளி பற்றாவிட்டால் | சிக்கல் | இன்னும் கால் கஜம் | வேறு நிறம், கவலையில்லை |
| பழைய தோற்றம் | வரைந்தவர் கையில் | நன்றாக வரும் | தானாக வரும் |

ஆயுள் இந்த அட்டவணையில் இல்லை. அதை முடிவு செய்வது வேறொன்று.

## அடித்துணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

யார்டு சேலில், அதாவது வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் இடத்தில், ஒரு பழைய விரிப்பு வாங்கினேன். வளையங்கள் நேற்றுச் செய்தவை போல இருந்தன. காரில் ஏற்ற நடுவில் மடித்தேன்; அடித்துணி அப்பளம் முறிவதுபோல் முறிந்தது. சாக்குத் துணி.

பழைய விரிப்புகளில் பெரும்பாலானவை சாக்கில் செய்தவை என்பதால், அசல் போல வேண்டும் என்று இன்றும் சிலர் சாக்குத் துணியையே தேடி வாங்குகிறார்கள். 1850களுக்குப் பிறகு வங்காளத்துச் சணல் சாக்காகி வட அமெரிக்கப் பண்ணைகளுக்கு வந்து குவிந்தது. தானியம் தீர்ந்த சாக்கு சும்மா கிடந்தது, கண்ணும் அகலம், கொக்கி சுளுவாக இறங்கியது. அந்தப் பெண்கள் அதை எடுத்ததற்கு இதுவே காரணம். சணலோ ஈரத்தாலும் வருஷங்களாலும் நலிந்து நொறுங்கிவிடும். அதற்கு முந்திய விரிப்புகளில் வீட்டில் நெய்த லினன் இருந்தது. எனவே பழமை வேண்டும் என்றாலும் லினனே அதிகப் பழமை.

மங்க்ஸ் கிளாத் என்னும் பருத்தித் துணி லினனைவிட மலிவு, கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் இழுத்த பக்கம் நீளும், அடிக்கடி சட்டத்தில் சரிசெய்ய வேண்டும். ரக் வார்ப் இன்னொரு பருத்தித் துணி, நெருக்கமான நெசவு. மெல்லிய கீற்றுக்கு நல்லது, கால் அங்குலக் கீற்றை அதில் இழுத்தால் மணிக்கட்டு வலிக்கும். நாற்பது மணி நேர உழைப்பைத் தாங்கப்போவது இந்தத் துணிதான். கிட் வாங்கினாலும் பேட்டர்ன் வாங்கினாலும் ‘எந்தத் துணியில்?’ என்று முதலில் கேளுங்கள்.

மற்ற சாமான்களில் மிச்சம் பிடிக்கலாம். கீற்று வெட்டும் கைமெஷின் சில நூறு டாலர். ப்ரிமிட்டிவ் பாணிக்கு முதல் விரிப்பில் அது வேண்டவே வேண்டாம். துணியை இழையோடு கிழித்து நேர் பார்த்துக்கொண்டு, ரோட்டரி கட்டரும் (உருளும் சக்கரக் கத்தி) அளவுகோலும் வைத்து வெட்டினால் போதும், கத்தரிக்கோலும் போதும். கொஞ்சம் ஏறுமாறாக வந்தால் பழசுக்கு இன்னும் நெருக்கம். துணியைப் பிடித்துக்கொள்ளும் முள்பட்டை வைத்த சட்டத்துக்குப் பதில், க்வில்ட் தைக்கும் 14 அங்குல வட்டச் சட்டம் போதும். ஓரம் சுற்ற மட்டும் நூலைத் தாராளமாக வாங்குங்கள்: ஓர் அங்குல ஓரத்துக்கு ஓர் அடி நூல் என்று கணக்கு. நம் விரிப்பின் சுற்றளவு 10 அடி, அதற்கு 40 கஜம். இதை மறந்துவிட்டுக் கடைசி மூலையில் நிறம் மாற்றியவள் நான்.

## அந்த மூவருக்கும் சொன்னது

ஒருவர் கைக்குழந்தை வைத்திருப்பவர், இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். சின்ன கிட் வாங்கச் சொன்னேன். இரண்டாமவர் தையல் தெரிந்தவர், நிறத்தில் துணிச்சல் உள்ளவர்; லினனில் கையால் வரைந்த பேட்டர்ன் எடுத்துக்கொண்டு, பின்னணிக்கு மட்டும் பழைய பாவாடைகளைத் தேடச் சொன்னேன். இப்படிக் கலந்து செய்வதுதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். செலவு கட்டுக்குள் நிற்கும், கோடு நேராக இருக்கும், பின்னணியில் அந்தப் பழைய தடுமாற்றமும் வந்துவிடும்.

மூன்றாமவர் அம்மாவின் பழைய குளிர்கோட்டைப் பையில் போட்டே கொண்டுவந்திருந்தார். அதை வெட்டி விரிப்பாக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையே. எல்லாம் நாமே என்ற வழி அவருக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் கோட்டுத் துணி தடிமன். கால் அங்குலத்துக்கு வெட்டினால் கண்ணில் ஏறாமல் மல்லுக்கட்டும், இன்னும் மெல்லிசாக வெட்டிப் பழக வேண்டும். முதலில் இரண்டு டாலருக்குக் கிடைக்கும் பழைய பாவாடைகளில் ஒரு சதுர விரிப்பு செய்யுங்கள், கோட்டைத் துவைத்து, ஜிப் பையில் மூடி வையுங்கள், இரண்டாவதில் பார்க்கலாம் என்றேன். பையிலிருந்து ஒரு பொத்தானை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.